முடங்கிய விரல்களும் திறந்த விழிகளும்

தமிழில் ‘கை’ என்பது ஓரெழுத்து ஒருமொழி. அஃது உறுப்பை மட்டும் குறிப்பதன்று. ஒழுக்கத்தையும் படையின் அணியையும் பக்கத்தையும் குறிக்கும். கைத்திறம், கைவண்ணம், கைவினை, கைப்பழக்கம் என அச்சொல்லின் வழியே மனிதனின் ஆற்றல் அனைத்தையும் அளந்து வைத்திருக்கிறது நம் மொழி. மருத்துவர் ஒருவரைப் பாராட்டும்போது மக்கள் அவருடைய பட்டங்களை எண்ணுவதில்லை. கைராசிக்காரர் என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்வார்கள். மதுரை மாநகரிலும் அதனைச் சூழ்ந்த சமவெளிச் சிற்றூர்களிலும் அரை நூற்றாண்டுக் காலம் அச்சொல்லுக்கு உரியவராய் வாழ்ந்தவர் மருத்துவர் கோ. வெங்கடசாமி. அந்தக் கைராசிக்காரரின் விரல்கள் முப்பதாம் அகவையிலேயே முடங்கிக் கோணியவை என்பதுதான் அவர் வாழ்வின் முரண்; அதுவே அவர் வாழ்வின் பொருளும் ஆயிற்று.

மணலில் எழுதிய விரல்

மதுரைக்குத் தெற்கே, தென்பாண்டிக் கரிசல் நிலத்தில் அமைந்த சிற்றூர் அயன் வடமலாபுரம். அவ்வூரில் ஓர் உழவர் குடும்பத்தில் 1918-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் வெங்கடசாமி பிறந்தார். உடன்பிறந்தோர் ஐவருள் அவரே மூத்தவர். வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் மனையும் வாடும். அன்றைய சிற்றூர்ப் பள்ளியில் தாளும் இல்லை, எழுதுகோலும் இல்லை. ஆற்றுப்படுகையிலிருந்து நுண்மணலை அள்ளிவந்து தரையில் மெல்லப் பரப்பி, அதில் விரலால் எழுதிப் பழகினார்கள் பிள்ளைகள். கையால் கலைத்தால் ஏடு புதிதாகிவிடும். மணலில் அகரம் எழுதிய அந்தச் சுட்டுவிரல் பின்னாளில் பேனாவையும் பிடிக்க மாட்டாமல் போகும் என்று எவர் எண்ணியிருக்கக் கூடும்?

அவர் மருத்துவராக வேண்டும் என்று முடிவு செய்தது புகழ் கருதியோ பொருள் கருதியோ அன்று. அவர் பத்து வயதை எட்டுமுன்பே உறவுப் பெண்கள் மூவர் பேறுகாலத்தில் அடுத்தடுத்து உயிர் துறந்தனர். ஊரில் மருத்துவர் இல்லை. உரிய நேரத்தில் உதவி கிடைத்திருந்தால் தடுத்திருக்கக் கூடிய சாவுகள் அவை. மகப்பேற்று மருத்துவராகி இத்தகைய சாவுகளைத் தடுக்க வேண்டும் என்னும் உறுதி அச்சிறுவனின் நெஞ்சில் அன்றே வேர்கொண்டது.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் பயின்று 1938-இல் பட்டம் பெற்றார். பின்னர்ச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1944-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. இளம் மருத்துவர் படை மருத்துவப் பிரிவில் சேர்ந்து பணியாற்றினார். போருக்குப்பின் மகப்பேற்று மருத்துவத்தில் மேற்படிப்பு என்பதே அவர் வகுத்திருந்த வழி. அந்த வழி பாதியில் அடைபட்டது.

நோய் வந்த நாள்கள்

முடக்குவாதம் அவரைப் பற்றியது. அதன் கடுமையால் 1948-இல் படைப்பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். சென்னை அரசு பொது மருத்துவமனையில் நீண்ட காலம் படுக்கையிலேயே கிடந்தார். மூட்டுகள் வீங்கின, புரண்டு படுப்பதும் வேதனை, எழுந்து நிற்பதும் அரிது. நோயின் சீற்றம் தணிந்தபோது விரல்கள் பழைய வடிவில் இல்லை. அவை வளைந்து, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, நிலையாகவே கோணிப்போயின. பேனாவைப் பிடிக்க முடியவில்லை. பேறுகால மருத்துவத்துக்கு வேண்டிய கைவலிமையும் நெடுநேரம் நிற்கும் ஆற்றலும் இனி வரப்போவதில்லை என்பது தெளிவாயிற்று. இருபது ஆண்டுகளாக அவரை நடத்திவந்த ஒரே நோக்கம் அத்துடன் முடிந்தது.

மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் முதலில் நோயையும் பின்னர் அதன் காரணத்தையும் ஆராயச் சொல்லுகிறார். அவ்வழியே இந்நோயையும் சற்று நோக்குவது தகும். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் தடுமாறித் தன் மூட்டுகளின் உட்சவ்வையே பகையெனக் கருதித் தாக்குவது முடக்குவாதம். சவ்வு வீங்குகிறது, நாளடைவில் குருத்தெலும்பும் எலும்பும் அரிக்கப்படுகின்றன, தசைநாண்கள் இடம்பெயர்கின்றன, விரல்கள் கோணுகின்றன. மூளையின் ஆணையில் பிழையில்லை. ஆணையை நிறைவேற்ற வேண்டிய கருவியே சிதைந்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறான நோய் ஒன்றும் உண்டு. மருத்துவர்கள் அதனை ஃபோகல் டிஸ்டோனியா என்பர். உடலின் ஒரு குறிப்பிட்ட பகுதியின் தசைகள் நம் விருப்பத்தை மீறி இறுகி முறுக்கிக்கொள்ளும் நோய் இது. இங்கே எலும்பும் மூட்டும் பழுதற்றவை. பிழை மூளையின் ஆணையில் நேருகிறது. இதன் விந்தை என்னவென்றால், ஒரு குறிப்பிட்ட செயலைச் செய்யும்போது மட்டுமே கை மறுக்கும். உண்ணும்போதும் பொத்தானை மாட்டும்போதும் இயல்பாக இயங்கும் விரல்கள், எழுதுகோலைத் தொட்டவுடன் சுருண்டுகொள்ளும். வீணையையோ வயலினையோ எடுத்தவுடன் பிறழும். எழுத்தர்களிடமும் இசைவாணர்களிடமும் இது மிகுதியாகக் காணப்படுகிறது. எழுத்தர்களின் கை இவ்வாறு தளர்வதை இத்தாலிய மருத்துவர் ராமசீனி பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதிவைத்தார்.

இதன் காரணம் இன்னும் முழுமையாக அறியப்படவில்லை. எனினும், நுண்ணிய அசைவு ஒன்றையே பல்லாண்டுகள் ஆயிரக்கணக்கான முறை செய்யும்போது, மூளையில் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியே அமைந்த இடங்கள் தம் எல்லை மங்கி ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன என்று ஆய்வாளர் கண்டுள்ளனர். ஒரு விரலை அசைக்கும்போது மற்ற விரல்களை அடக்கிவைக்கும் ஆற்றல் குன்றுகிறது. மரபுக்கூறுகளுக்கும் இதில் பங்குண்டு. நெடுங்காலம் இது மனத்தளர்ச்சி என்றும் நடிப்பு என்றும் தவறாகக் கருதப்பட்டது. கலைஞர்களின் துயரை இருமடங்காக்கியது அந்தத் தவறான கருத்தே.

ஜெர்மானிய இசைமேதை இராபர்ட் ஷூமன் இளமையில் பியானோ வாசிப்பில் பெரும்புகழ் பெற விழைந்தவர். 1832-ஆம் ஆண்டளவில் அவருடைய வலக்கையின் நடுவிரல் பணிய மறுத்தது. மேடை வாசிப்பைக் கைவிட்டு இசையாக்கத்தில் முழுவதும் இறங்கினார். அவருக்கு வந்தது இந்நோயே என்று இன்றைய மருத்துவ ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அமெரிக்கப் பியானோ கலைஞர் லியோன் ஃபிளைஷருக்கு 1960-களின் நடுவில் வலக்கை விரல்கள் சுருண்டன. அவர் இடக்கையால் மட்டும் வாசிக்கத்தக்க இசையை வாசித்தார், கற்பித்தார், இசைக்குழுவை நடத்தினார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப்பின் பாட்டுலினம் நச்சு மருந்தின் துணையோடு இரு கைகளாலும் வாசிக்கத் திரும்பினார்.

அந்த மருந்தின் கதை கண் மருத்துவத்தோடு பிணைந்தது. உயிரைக் கொல்லும் நச்சினை மிகச் சிறிய அளவில் தசையில் செலுத்தினால் அத்தசையின் மிகையான இறுக்கம் சில மாதங்கள் தளரும் என்பதை மாறுகண்ணுக்கு மருத்துவம் தேடிய கண் மருத்துவர் ஆலன் ஸ்காட் கண்டார். 1989-இல் அமெரிக்க அரசு அதனை மாறுகண்ணுக்கும், இமைகள் தாமே இறுகி மூடிக்கொள்ளும் நோய்க்கும் உரிய மருந்தாக ஏற்றது. அந்த இமைநோயும் டிஸ்டோனியாவின் ஒரு வகையே. பின்னர் அம்மருந்து கைக்கும் பயன்பட்டது. ஆயினும் மருந்து மட்டும் போதுவதில்லை. பிடிக்கும் முறையை மாற்றுதல், கருவியின் பருமனையும் வடிவையும் மாற்றுதல், அசைவினை மெதுவாக்கி முதலிலிருந்து மீளக் கற்றல் ஆகியனவும் மருத்துவத்தின் பகுதிகளாகும்.

வெங்கடசாமிக்கு வந்தது டிஸ்டோனியா அன்று; முடக்குவாதமே. நோய் வேறு, முதல் வேறு. ஆயினும் கைத்தொழிலே உயிரான ஒருவருக்குக் கை மறுக்கும்போது எழும் கேள்வி ஒன்றேதான். திறமை விரலில் உள்ளதா, அன்றி விரலை ஆளும் உள்ளத்தில் உள்ளதா? அவர் அக்கேள்விக்குச் சொல்லால் விடை கூறவில்லை. அவர் நாடிய வழியோ மேலே கண்ட மூன்றுமாகவே அமைந்தது: பிடிமுறையை மாற்றினார், கருவியை மாற்றினார், முதலிலிருந்து கற்றார்.

மீண்டும் கற்ற கை

மகப்பேற்று மருத்துவம் கைநழுவியபின் அவர் தேர்ந்தது கண் மருத்துவம். வெளித்தோற்றத்தில் இது பொருந்தாத தேர்வு. பேறுகால மருத்துவத்துக்கு வலிமை வேண்டும் எனில், கண் அறுவைக்கு நுண்மை வேண்டும். ஆனால் கண் மருத்துவர் அமர்ந்து பணிபுரியலாம்; பெருவலிமை வேண்டுவதில்லை; அசைவுகள் சிறியவை. கைக்கு எட்டாத தொழிலை நினைந்து ஏங்குவதை விடுத்து, எஞ்சிய கைக்கு ஏற்ற தொழிலை நாடினார் அவர்.

1819-இல் தோன்றிய சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் பயின்று, 1951-இல் கண் மருத்துவத் தகுதி பெற்றார். அந்த ஆண்டுகளின் உழைப்பைப் பட்டச் சான்றிதழ் சொல்லாது. முதலில் பேனா பிடிக்கப் பழக வேண்டியிருந்தது. பின்னர்க் கத்தி. மடங்காத விரல்களுக்கும் நிமிராத விரல்களுக்கும் ஏற்றவாறு கருவிகளை வடிவமைத்துக்கொண்டார். நாள்தோறும் மணிக்கணக்காகப் பழகினார். மூட்டு வலி அவரை விட்டு நீங்கவில்லை. வாழ்நாள் முழுதும் உடனிருந்தது. கோணிய விரல்கள் கடைசிவரை கோணியே இருந்தன. அவர் வென்றது நோயை அன்று; நோய் விதித்த எல்லையை.

முதுமையில் கண்ணின் வில்லை ஒளி புகாதவாறு வெண்மை பூத்துவிடுவதே கண்புரை. அதனை அகற்றும் அறுவையில் கத்தி பிறழ்ந்தால் பார்வையே போய்விடும். அத்தகைய அறுவையை அவர் ஒரே நாளில் நூறுவரைகூடச் செய்தார். வாழ்நாளில் அவர் கையால் பார்வை பெற்ற கண்கள் ஒரு நூறாயிரத்துக்கும் மேல் என்பர். எண்ணிக்கை பெரிதுதான். ஆயினும் வியப்பு எண்ணிக்கையில் இல்லை. வளைந்த விரல்களைக் கண்டு தயங்கிய நோயாளி மறுநாள் கட்டவிழ்த்தபின் முதலில் பார்த்ததும் அதே விரல்களைத்தான்.

மதுரையும் சமவெளியும்

1954-இல் தொடங்கப்பெற்ற மதுரை மருத்துவக் கல்லூரியில் 1956-ஆம் ஆண்டு கண் மருத்துவத் துறைத் தலைவராகப் பொறுப்பேற்றார். அக்கல்லூரியோடு இணைந்த எர்ஸ்கின் மருத்துவமனையே இன்றைய அரசு இராசாசி மருத்துவமனை. இருபது ஆண்டுகள் அங்கே அவர் கற்பித்தார், அறுவை செய்தார். ஆனால் மருத்துவமனையின் வாயிலை நாடி வருவோர் மட்டுமே நோயாளிகள் என்று அவர் எண்ணவில்லை.

கண் தெரியாத முதியவர் உண்ணும் வாயாக மட்டுமே எஞ்சுகிறார். உழைக்கும் கை அவருக்கு இல்லை என்று சிற்றூர்களில் கருதிய காலம் அது. வயலுக்குப் போக முடியாது. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியாது. திண்ணையின் மூலையே உலகம். மருத்துவம் இலவசமே ஆயினும், ஊரிலிருந்து மதுரைக்கு வரப் பேருந்துக் கட்டணம் வேண்டும். துணைக்கு வருபவர் ஒருநாள் கூலியை இழக்க வேண்டும். தங்க இடம் வேண்டும். பார்வைக்கும் ஏழைக்கும் இடையே நின்றது நோய் மட்டும் அன்று, வழியின் தொலைவுமே. கையை இழந்தவன் அடையும் நிலையைப் படுக்கையில் கிடந்து கற்றவருக்கு, கண்ணை இழந்தவர் கையையும் இழக்கிறார் என்பதை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே மருத்துவத்தை ஊருக்கு எடுத்துச் சென்றார். 1960-களில் அவர் நடத்திய கண் சிகிச்சை முகாம்கள் மதுரைச் சமவெளியின் வாழ்வில் ஒரு புதிய காட்சி. பார்வையிழந்தோரின் மறுவாழ்வுப் பணியையும், வைட்டமின் ஏ குறைவால் கண்ணிழக்கும் குழந்தைகளைக் காக்கும் முயற்சியையும், கண் மருத்துவ உதவியாளர்ப் பயிற்சியையும் அவர் மேற்கொண்டார். 1973-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

இல்லறம் அவர் நாடவில்லை. தம்பி தங்கையரைப் படிக்கவைத்து ஆளாக்குவதைத் தம் கடனாகக் கொண்டார். தங்கை நாச்சியார் கண் மருத்துவரானார். அவர் கணவர் நம்பெருமாள்சாமியும் கண் மருத்துவரே. தம்பி சீனிவாசன் பொறியாளர். வளர்த்த குடும்பமே பின்னாளில் அவர் பணிக்குப் படையாயிற்று.

பதினொரு படுக்கைகள்

1976-இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். உழைத்த உடல் ஓய்வை விரும்பும் பருவம். அதுவும் நோயுற்ற உடல். ஆனால் அவர் மதுரை அண்ணாநகரில் ஒரு வாடகை வீட்டில் 11 படுக்கைகளோடு கண் மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். புதுவையின் அரவிந்தரிடம் அவர் கொண்டிருந்த ஈடுபாட்டால் அதற்கு அரவிந்த் கண் மருத்துவமனை என்று பெயரிட்டார். கையில் முதல் இல்லை. வீடு அடகுக்குப் போயிற்று; குடும்பத்து நகைகளும் போயின. கட்டணம் தர இயன்றோர் தருவர். இயலாதோர் தர வேண்டுவதில்லை. தருவோரின் கட்டணமே தராதோரையும் தாங்கும் என்பது அவர் வகுத்த முறை. கணக்கறிந்தவர்கள் நடவாது என்றே எண்ணியிருப்பர். நடந்தது.

அம்முறையின் உயிர்நாடி சிக்கனம். ஒரே தரத்தில், ஒரே ஒழுங்கில், எவ்வூரிலும் உணவு தரும் அமெரிக்க உணவகமான மெக்டொனால்ட்ஸைக் கண்டு, பார்வையையும் அவ்வாறு ஏன் வழங்கலாகாது என்று சிந்தித்தவர் அவர். அறுவைக் கூடத்தில் ஒரு மருத்துவருக்கு அருகருகே இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே மற்றொன்றில் அடுத்த நோயாளி ஆயத்தமாக இருப்பார். மருத்துவர் திரும்பி அமர்ந்தால் போதும். மருந்திடுதல், கட்டுதல், கருவி நீட்டுதல் ஆகிய யாவற்றையும் பயிற்சி பெற்ற பெண்கள் செய்வர். அப்பெண்களிற் பெரும்பாலோர் சுற்றுவட்டச் சிற்றூர்களின் எளிய குடும்பத்துப் பிள்ளைகள். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து துணைபுரிபவர் என மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்த வள்ளுவர், துணைபுரிபவருக்கும் சமமான இடமளித்தார். அந்த நான்காம் கூற்றினை அறுவைக் கூடத்தில் நிலைநிறுத்தியது மதுரை.

இந்த ஒழுங்கின் வேர் அவருடைய கையிலேயே இருந்தது எனக் கருத இடமுண்டு. ஒவ்வோர் அசைவுக்கும் வலியை விலையாகக் கொடுப்பவன் வீண் அசைவு ஒன்றும் செய்யான். தன்னால் மட்டுமே செய்யக்கூடியதைத் தன் கைக்கு வைத்துக்கொண்டு, ஏனையவற்றைப் பிறர் கைக்கு அளிப்பான். நலிந்த ஒரு கை கற்ற பாடம், நலமுள்ள பல கைகளின் நெறியாயிற்று.

மருத்துவமனை வளர்ந்தது. தேனியிலும், 1988-இல் திருநெல்வேலியிலும், 1997-இல் கோயம்புத்தூரிலும், 2003-இல் புதுச்சேரியிலும் கிளைகள் எழுந்தன. புரையை அகற்றியபின் கண்ணுள் பொருத்தும் செயற்கை வில்லை அந்நாளில் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். விலையோ ஏழைக்கு எட்டாது. அது கிட்டாதவர்கள் தடித்த கண்ணாடியோடு காலம் கழித்தனர். 1992-இல் ஆரோலேப் என்னும் தயாரிப்புக் கூடம் மதுரையில் தொடங்கப்பட்டு, அயல்நாட்டு விலையின் ஒரு சிறு பங்கிலேயே அவ்வில்லை கிடைக்கலாயிற்று. 1993-இல் ஹார்வர்டு வணிகப் பள்ளி இம்மருத்துவமனையின் முறையை ஆய்ந்து தன் மாணவர்க்குப் பாடமாக்கியது.

முதுமையில் அவர் கத்தியை இளையோரிடம் ஒப்படைத்தார். 2006-ஆம் ஆண்டு சூலை 7-ஆம் நாள், 87-ஆம் அகவையில் மதுரையில் மறைந்தார். நான்கு ஆண்டுகளுக்குப்பின், 2010-இல், அவர் தோற்றுவித்த நிறுவனம் கான்ராட் ஹில்டன் மனிதநேய விருதைப் பெற்றது. அதைக் காண அவர் இல்லை.

எஞ்சி நிற்பது

உடற்குறையை வென்றோர் வரலாறுகளைப் படிக்கும்போது ஒரு மயக்கம் நேர்வதுண்டு. உறுதி இருந்தால் எந்நோயும் ஓடிவிடும் என்று எண்ணத் தோன்றும். வெங்கடசாமியின் வாழ்வு அதைக் கூறவில்லை. அவருடைய முடக்குவாதம் ஓடவில்லை. அவர் விரும்பிய மகப்பேற்று மருத்துவம் அவருக்குக் கிட்டவே இல்லை. ஷூமனும் பியானோ மேடைக்குத் திரும்பவில்லை. டிஸ்டோனியாவால் எழுதுகோலை இழந்தவரை உறுதியில்லாதவர் என்று பழிப்பது எத்துணைக் கொடுமையோ, அத்துணைக் கொடுமையே வலியோடு வாழ்வோர் அனைவருக்கும் இவரை அளவுகோலாக நீட்டுவதும். நோய்க்கு மருத்துவமே வேண்டும்.

அவர் வாழ்வு கூறுவது வேறொன்று. இழந்ததைத் துல்லியமாக அளந்தார். எஞ்சியதையும் அதே துல்லியத்தோடு அளந்தார். எஞ்சியதற்குப் பொருந்துமாறு கருவியையும் தொழிலையும் இறுதியில் ஒரு நிறுவனத்தையே வடித்துக்கொண்டார். யாப்பின் அடிக்குள் சொல்லை நிறுத்தப் பழகிய கவிஞர்களுக்கு இது புதிய செய்தி ஆகாது. கட்டுப்பாடு பாட்டை முடக்குவதில்லை. எந்தச் சொல் தேவையில்லை என்பதைக் காட்டிக்கொடுக்கிறது.

அயன் வடமலாபுரத்துப் பள்ளியில் மணலில் எழுதியவை மறுகணமே கலைக்கப்பட்டன. அந்த விரல் பிற்காலத்தில் எழுதியவை கலையவில்லை. திண்ணையின் மூலையை விட்டெழுந்து வயலுக்கு நடந்த முதியவர்களின் கண்களில் அவை ஒளியாய் நின்றன.